பெர்த்காரர் வீட்டில் நாலு பேர்

ரயில் பெட்டிப் பட்டறையில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே தெரியாது. பெர்த்காரர் என்று கேட்டால் உடனே கை காட்டுவார். பழுதுபார்க்க வந்து நிற்கும் பெட்டிகளில் ஏறி, பெர்த் என்கிற படுக்கைகளின் தொய்ந்துபோன சங்கிலிகளை மாற்றுவது, இறுகிய கீல்களுக்கு எண்ணெய் விடுவது, கிழிந்த ரெக்சினை உரித்துப் புதிதாகப் போர்த்துவது, எல்லாம் முடிந்ததும் தானே ஏறிப் படுத்து இரண்டு பக்கமும் புரண்டு பார்ப்பது. இதுதான் அவர் வேலை.

"படுத்துக்கிட்டே சம்பளம் வாங்கற ஒரே ஆள் நம்ம பெர்த்காரர்தான்" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள்.

"நான் படுத்துப் பார்க்கலேன்னா அப்புறம் வர்றவன் விழுந்து பார்ப்பான். பரவாயில்லையா?" என்பார் அவர்.

ஊரார் எல்லாருக்கும் அளவாகப் படுக்கை மாட்டிக் கொடுத்த மனிதர் தன் வீட்டில் மட்டும் அளவுக்கு மிஞ்சிய ஒரு கட்டிலில் படுத்தார். அது அவர் அப்பா வாங்கியது. யானை ஏறிப் படுத்தாலும் முனகாது. தலைமாட்டில் இரண்டு மயில்கள், கால்மாட்டில் திராட்சைக் கொத்து, நாலு காலும் தூண் மாதிரி. மூன்றாம் மாடியில் அவருக்கு இருந்ததோ ஒரே அறை. அதையொட்டி ஒருவர் நின்று திரும்பும் அகலத்தில் சமையல் இடம், ஒரு குளியலறை, தெருவைப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல். பழைய கட்டடம் என்பதால் கூரை மட்டும் நல்ல உயரம். அறையில் பாதிக்கு மேல் கட்டில் குடியிருந்தது. மிச்சத்தில் அவர் குடியிருந்தார். கதவிலிருந்து ஜன்னலுக்குப் போக வேண்டுமானால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டும். பல வருஷப் பழக்கத்தில் தெருவில்கூட அவர் கொஞ்சம் தோளைச் சாய்த்துத்தான் நடந்தார்.

அக்காவின் கல்யாணம், அப்பாவின் வைத்தியம், அம்மாவுக்குத் துணை என்று வருஷங்கள் ஓடியதில், தன் கல்யாணத்தை எங்கேயோ வைத்து மறந்துவிட்டார். நாற்பத்தெட்டு வயதில் அதைத் தேடவும் இல்லை. மூக்குக்கண்ணாடியின் ஸ்க்ரூ கழன்று விழாமல் இருந்திருந்தால் அப்படியே இருந்திருப்பார்.

பட்டறைக்கு எதிரே, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கண்ணாடிக் கடை. அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண் சட்டத்தைக் கையில் வாங்கினாள், துடைத்தாள், ஸ்க்ரூவை முடுக்கி அவர் காதில் மாட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். "இடது பக்கம் இறங்குது" என்று மறுபடி கழற்றி, வளைத்து மாட்டினாள். தன் முகத்தை ஒருவர் இத்தனை அக்கறையாகப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்த வாரமும் ஸ்க்ரூ கழன்றது. அதற்கடுத்த வாரம் மூக்குப் பிடி வளைந்தது. இப்படியே கொஞ்ச நாள் போனபின் ஒரு சாயங்காலம் அவள் கண்ணாடியைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?"

"எதிர்ல, பட்டறையில."

"அங்க ஸ்க்ரூடிரைவரே கிடையாதா?"

அவருடைய சட்டைப்பையில் அப்போது இரண்டு இருந்தன. கைப்பிடிகள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கையால் பொத்திக்கொண்டார்.

"இந்த ஸ்க்ரூவைப் போன வாரம் நான்தான் முடுக்கினேன். இது தானா கழலலை" என்றாள் அவள். முகத்தில் சிரிப்பில்லை, குரலில் இருந்தது. "பேசணும்னா பேசலாமே. அதுக்கு எதுக்கு கண்ணாடியைப் போட்டுப் பாடாப் படுத்தணும்? கடை சாத்தினதும் வாங்க, டீ குடிக்கலாம்."

டீ குடித்தார்கள். பல நாள் குடித்தார்கள். அவளுடைய கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பதின்மூன்று வயதில் ஒரு மகள். கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் சுற்றி வளைக்கவில்லை.

"நான் மட்டும் வர முடியாதுங்க. பொண்ணு வருவா. எங்க மாமாவும் வருவார்."

"மாமான்னா?"

"என் மாமனார். இருந்த ஒரே புள்ளையும் போயிட்டார். அவருக்கு நாங்க ரெண்டு பேருதான். அவரை விட்டுட்டு நான் எங்கயும் வர்ற மாதிரி இல்லை. யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கூட்டிட்டு வாங்க."

"வீடு பத்துமா?"

"தாராளமா" என்றார்.

வீட்டுக்குத் திரும்பி, கதவைத் திறந்து, வயிற்றை இழுத்துக்கொண்டு ஜன்னல் வரை போய் நின்றபோதுதான் தான் சொன்ன வார்த்தை அவருக்கே கேட்டது. "தாராளமா" என்று கட்டிலைப் பார்த்து ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மயில்கள் இரண்டும் பதில் பேசவில்லை.

அக்கா கேள்விப்பட்டு அன்றைக்கே ஓடி வந்தாள். மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"இந்த வயசுல மாப்பிள்ளை. சரி, போகட்டும். பொண்ணு, பொண்ணுக்கு ஒரு பொண்ணு. அதுவும் போகட்டும். அந்தம்மாவோட பழைய மாமனார் எதுக்குடா? இடம் குடுத்தா மடத்தைப் புடுங்கிடுவாங்க, பார்த்துக்க."

"எங்கிட்ட மடம் எங்கக்கா இருக்கு? இருக்கறது ஒரு கட்டில்."

கட்டில் என்றதும் அக்காவின் பார்வை மயில்கள் மேல் ஒரு நிமிஷம் தங்கிப் போனது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அதன்மேல் ஒரு கண்.

பெரிய வீடு பார்க்காமலும் இல்லை. கைக்கு எட்டியதெல்லாம் ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே போனால் பட்டறைக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோழி கூவுமுன் கிளம்ப வேண்டும். எனவே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு மூன்று பேரும் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள்.

மாமனார் வாழ்நாள் முழுக்க ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்து, டார்ச் அடித்து, ஆட்களை உட்கார வைத்தவர். அந்த டார்ச் இன்னும் அவர் இடுப்பில் இருந்தது. வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தம்பி, இதுல எத்தனை சீட்டு?"

"நாலு பேருக்குப் பத்தும் ஐயா."

"கட்டிலையும் சேர்த்தா, சேர்க்காமயா?"

அந்த முதல் மாதத்தைப் பற்றி அந்த வீட்டில் இப்போதும் பேசிச் சிரிப்பார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அம்மாவும் மகளும் கட்டிலில். பெர்த்காரர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, ஒருக்களித்து. கிழவருக்குத் தலை அறையில், கால் சமையல் இடத்தில். காலையில் யாராவது டீ போட வேண்டுமென்றால் முதலில் அவர் காலை மடக்க வேண்டும். ஒருவர் துணி மாற்ற வேண்டுமென்றால் மற்ற மூன்று பேரும் மாடிப்படியில் போய் நிற்க வேண்டும். மகள் கட்டிலின் ஒரு மூலையில் சேலையைத் தொங்கவிட்டு அதற்குள் உட்கார்ந்து பாடம் படித்தாள். மின்விசிறி ஓடினால் சேலை பறந்து அவள் தலையில் வந்து விழும். அவள் பெர்த்காரரை எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை. "அம்மா, உப்பு வேணும்னு கேட்கறாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள்.

ஒருநாள் கிழவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"முதியோர் இல்லம் ஒண்ணு போய்ப் பார்த்தேன்மா. நல்லாத்தான் இருக்கு. காத்தோட்டமா இருக்கு. ஒரு சீட்டு காலியா இருக்காம்."

மருமகள் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"ஒண்ட வந்த இடத்துல நான் ஒருத்தன் குறைஞ்சா பாப்பாவுக்குக் காலை நீட்ட இடம் கிடைக்கும்."

"எனக்குக் காலை நீட்ட இடம் வேண்டாம்" என்றாள் மகள். அழுதுவிடும் குரல். "நீங்க இங்கயே இருங்க தாத்தா. எனக்கு வேண்டியது ஒரு கதவு. நான் சாத்தினா சாத்தின மாதிரி இருக்கற ஒரு கதவு. அவ்வளவுதான்."

கிழவர், "அது நியாயம். எலி வளையானாலும் தனி வளை வேணும்" என்றார்.

பெர்த்காரர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் பட்டறையில் ஒரு பெட்டிக்குள் மேல் படுக்கையை மாட்டி முடித்து, வழக்கம்போல ஏறிப் படுத்துப் பார்த்தார். கீழே இரண்டு படுக்கை, எதிரே மூன்று. ஒரு சின்ன அடைப்புக்குள் முன்பின் தெரியாத ஆறு பேர் சாப்பிட்டு, சீட்டாடி, குழந்தைக்குத் தாலாட்டுப் பாடி, குறட்டை விட்டு, கூட வந்தவரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். அவருக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. ரயில்காரன் தரையை மட்டும் எண்ணுவதில்லை, தலைக்கு மேல் இருப்பதையும் எண்ணுகிறான். தன் வீட்டுக் கூரை எவ்வளவு உயரம்! அத்தனை இடமும் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கிறது. அவர் படுக்கையிலிருந்து குதித்த குதியில் கீழே நின்ற எலக்ட்ரீஷியன் பயந்துவிட்டார்.

பட்டறைத் தச்சரைப் பிடித்தார். காதில் பென்சிலோடு பிறந்தவர் போன்ற மனிதர். எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்பார். அப்படிச் சொன்னால் மனசுக்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

"சுவத்துல மடங்கற கட்டில், அதுக்கு அடியில மேசை. முடியுமா?"

"முடியாது."

"பெஞ்சை இழுத்தா படுக்கை ஆகணும். உள்ள சாமானும் வைக்கணும்."

"முடியாது."

"ஒரு பொண்ணுக்கு அலமாரிக்குப் பின்னால ஒரு அறை. கதவோட."

தச்சர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "கூரை எவ்வளவு உசரம்?"

ஞாயிற்றுக்கிழமை வந்து இருவரும் அறை முழுக்கச் சாக்பீஸால் கோடு போட்டார்கள். மரம் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது பெர்த்காரரின் ஏற்பாடு. கட்டிலைத் தூக்கிச் சுவரோடு செங்குத்தாகச் சாய்த்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். தரையில் இங்கே பெஞ்சு, இங்கே மேசை, இங்கே கதவு. முதல் நாள் மகள் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் சாக்பீஸ் கதவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பெர்த்காரர் மறதியாகக் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தபோது, சுவரைப் பார்க்காமல் அவரையே நேராகப் பார்த்து, "தட்டிட்டு வாங்க" என்றாள். அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் பின்னால் போய், காற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். "வரலாம்" என்றாள்.

கட்டிலை அக்காவுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. "ஐயோ, எனக்கு எதுக்குடா" என்று சொல்லிக்கொண்டே நாலு ஆள்களையும் ஒரு வண்டியையும் கூட்டிக்கொண்டு அவள் வந்து நின்றாள். கட்டில் வாசல் வழியே போகவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், படுக்கப் போட்டுப் பார்த்தார்கள். மயில் கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. அது எப்படி உள்ளே வந்தது என்பது யாருக்கும் நினைவில்லை. தச்சர் வந்து, மனசு வராமல் கண்ணை மூடிக்கொண்டு முளைகளைத் தட்டிக் கழற்றினார். மயில் தனி, திராட்சை தனி, கால் தனியாக ஊர்வலம் போல அது படியிறங்கிப் போனது. அறை வெறிச்சென்று ஆனதும், பெர்த்காரர் கதவிலிருந்து ஜன்னல் வரை கையை வீசி நேராக நடந்து பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார்.

"போதும், தரை தேய்ஞ்சுடப் போகுது" என்றாள் மனைவி.

விடுமுறை நாள்களெல்லாம் இழைப்புளியும் மரத்தூளுமாகப் போயின. கிழவர் தூளைக் கூட்டித் தள்ளினார், மனைவி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், மகள் வார்னிஷ் அடித்துத் தலைமுடியிலும் கொஞ்சம் பூசிக்கொண்டாள். கீல் மாட்டுவதை மட்டும் பெர்த்காரர் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

கடைசியில் அறை இப்படி ஆயிற்று. ஒரு சுவரில் பெரிய பலகை மாதிரி நிற்பதுதான் கட்டில். பகலில் அதன் அடிப்பாகம் வெளியே தெரியும். அந்த அடிப்பாகத்தில் ஒரு பலகையைக் கீழே இறக்கிக் காலை ஊன்றினால் சாப்பாட்டு மேசை. மேசையை மடக்காமல் கட்டிலை இறக்க முடியாது. ஆகவே வீட்டில் ஒருவர் சாப்பிட்டு முடிக்காமல் இன்னொருவர் தூங்க முடியாது. மகளோ ஒவ்வொரு பருக்கையாக எண்ணிச் சாப்பிடுகிறவள். "தாயே, சீக்கிரம் முடி. உங்கம்மா உட்கார்ந்தபடியே தூங்கறாங்க" என்று பெர்த்காரர் கெஞ்சும் நிலை வந்தது.

ஜன்னலுக்குக் கீழே நீளப் பெஞ்சு. மூடியைத் தூக்கினால் போர்வை, தலையணை, குடை, பழைய செருப்பு எல்லாம் உள்ளே. முன்பக்கத்துக் கொண்டியை விட்டு இழுத்தால் உட்காரும் பலகை சக்கரத்தில் முன்னே வரும், முதுகுப் பலகை பின்னே சரியும், படுக்கை ஆகிவிடும். அது கிழவருக்கு. படுத்துக்கொண்டே தெருவைப் பார்க்கலாம். முதல் நாள் அதில் படுத்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "பால்கனி டிக்கெட்" என்றார். முதியோர் இல்லத்துப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

அந்தப் பெஞ்சில் முதலில் சிக்கியது அக்காதான். கட்டில் போனபின் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவள், நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, குறை சொல்ல ஆரம்பித்தாள்.

"என்ன இது, குண்டுசட்டிக்குள்ள குதிரை ஓட்டற மாதிரி. சுவத்தைத் தொட்டா மேசை, மேசையைத் தொட்டா கட்டில். ஒரு மனுஷி நிம்மதியா..."

"காலை நீட்டிக்கம்மா" என்று கிழவர் மரியாதையாகக் கொண்டியை விட்டு இழுத்தார். பெஞ்சு ஓசையில்லாமல் முன்னே வந்தது. எல்லார் கண்ணெதிரேயும் அக்கா மெல்ல மெல்லச் சாய்ந்து, கடைசியில் கூரையைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் ஓடினாள். அக்கா எழுந்திருக்கவில்லை.

"...நிம்மதியா உட்கார முடியுதா" என்று படுத்தபடியே வாக்கியத்தை முடித்தாள். "ஜன்னல்ல நல்லா காத்து வருது" என்றாள். அப்புறம் குறட்டைதான் வந்தது. சாயங்காலம் எழுந்து டீ குடித்துவிட்டுப் போகும்போது தம்பியைத் தனியே கூப்பிட்டு, "அந்தத் தச்சர் எங்க வீட்டுக்கு வருவாரா?" என்று கேட்டாள். "மயில் கட்டில் முதுகை வாங்குதுடா. யார்கிட்டயும் சொல்லாத."

மகளின் இடம்தான் கடைசியாக முடிந்தது. உள்மூலையில் அலமாரியே சுவராக நின்றது. வெளிப்பக்கம் திறந்தால் வீட்டுச் சாமான். உட்பக்கம் எழுதும் பலகை, புத்தகத் தட்டு, விளக்கு. தலைக்கு மேல் படுக்கை. அதற்கு ஏறும் படி ஒவ்வொன்றும் ஓர் இழுப்பறை. காற்றுக்கு மேலே குறுக்குச் சட்டங்கள். பிறகு கதவு. ரயில் பெட்டிக் கதவு மாதிரி பக்கவாட்டில் ஓடுகிற கதவு. உள்ளே தாழ்ப்பாள் போட்டால் வெளியே ஒரு சின்ன வட்டம் சிவப்பாகும், திறந்தால் பச்சை. அதைச் செய்ய அவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அவள் உள்ளே போனாள். கதவு ஓடிச் சாத்திக்கொண்டது. வட்டம் சிவப்பானது.

மூன்று பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் போயிற்று. உள்ளே சத்தமே இல்லை.

"என்னங்க இது, ஒரேயடியா உள்ள போயிட்டாளே" என்றாள் அம்மா. "நான் வேணா தட்டிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்" என்றார் பெர்த்காரர். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா சாத்துது பார்த்தீங்களா? ஒரு இம்மி இடுக்கு இல்லை."

வட்டம் பச்சையாகும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. கதவு ஒரு சாண் திறந்தது.

"ஒவ்வொருத்தரா வரலாம். ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. தட்டிட்டு வரணும்."

முதலில் அம்மா போய் வந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அடுத்து தாத்தா, டார்ச் அடித்து எல்லாத் தட்டையும் சோதித்துவிட்டு வந்தார். பெர்த்காரர் தட்டியபோது உள்ளே கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் வந்தது. அவர் முட்டியை மடக்கிப் படியில் உட்கார்ந்தார். அவள் நாற்காலியில்.

"உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். உங்களுக்கு என்ன வயசு?"

சொன்னார்.

அவள் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "எங்கப்பா இருந்திருந்தா உங்களைவிட மூணு வயசு சின்னவர்."

"அப்படியா?"

"அப்பாவைவிடப் பெரியவர்னா பெரியப்பாதானே? அப்பான்னு கூப்பிட எனக்கு வராது. பெரியப்பான்னா வரும். கூப்பிடட்டுமா?"

அவர் தலையை வேகமாக ஆட்டினதில் மேல் படுக்கையின் சட்டத்தில் மடாரென்று இடித்துக்கொண்டார். அவள் பயந்து எழுந்தாள். "ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை. சட்டம் நல்லா உறுதியா இருக்கு" என்றார்.

மரச்சுவர்தானே, வெளியே எல்லாம் கேட்டுவிட்டது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வந்ததும் கிழவர் அவரையே உற்றுப் பார்த்தார்.

"எம் பேத்திக்குப் பெரியப்பான்னா, எனக்கு மூத்த புள்ளை. அப்படித்தானே முறை?"

"அப்படித்தான் வரும் ஐயா."

"இன்னும் என்ன ஐயா?" என்றார் கிழவர். குரல் அதட்டலாக இருந்தது, கை பெர்த்காரரின் நெற்றியைத் தேய்த்துவிட்டது. "ஒழுங்கா அப்பான்னு கூப்பிட்டுப் பழகு. நாப்பத்தெட்டு வயசுல ஒரு புள்ளை கிடைச்சா யாரு வேண்டாம்னு சொல்லுவா?"

சிவப்புப் பச்சைக் கதவின் செய்தி பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு சனிக்கிழமை வகுப்புத் தோழிகள் பார்க்க வந்தார்கள். ஐந்து பேர் என்று சொல்லியிருந்தாள். வந்தவர்களை எண்ண முடியவில்லை. வாசலில் செருப்பு மலை மாதிரி குவிந்தது. கிழவருக்குத் திடீரென்று வயது குறைந்துவிட்டது. சட்டையைச் சரிசெய்துகொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவருகில் நின்றுவிட்டார். "இடிக்காதீங்க, எல்லாருக்கும் சீட்டு உண்டு. ஒருத்தர் வெளிய வந்தாத்தான் அடுத்தவங்க உள்ள. நீ ஏற்கெனவே பார்த்தாச்சு, அந்தப் பக்கம் போ." பார்த்து முடித்தவர்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். பெஞ்சை இழுத்ததும் இன்னொரு வரிசை உட்கார்ந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. யாரும் போக முடியவில்லை. மேசையை இறக்கி, ரொட்டியும் பழமும் பாலுமாக இருந்ததையெல்லாம் பரப்பினார்கள். சுவரில் நின்ற கட்டிலைச் சாப்பிட்டபின் இறக்கியதும் அதன்மேல் ஒரு கூட்டம் ஏறிக்கொண்டது. பாட்டும் கூத்துமாக மாடியே அதிர்ந்தது. பெர்த்காரர் சமையல் இடத்தின் வாசலில் நின்று, ஒரே ஒரு கீல்கூட முனகவில்லை என்பதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மழை விட்டு, கடைசிச் சிறுமியும் படியிறங்கிப் போனபின் எல்லாவற்றையும் மடக்கி வைத்தார்கள். மனைவி நடு அறையில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்களை ஒண்ணு கேட்கட்டுமா?" என்றாள். "மாமாவுக்கு பால்கனி. இவளுக்குக் கதவு. உங்களுக்கு இந்தக் கீலு, கொண்டி எல்லாம். எனக்குன்னு இந்த வீட்டுல என்ன இருக்கு?"

இத்தனை அளவு எடுத்தவர் அதை மட்டும் எடுக்கவில்லை என்பது பெர்த்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. "என்ன வேணும், சொல்லுங்க. மடக்கறதா, இழுக்கறதா? அடியில ஒரு தையல் மெஷின் வர்ற மாதிரி..."

"வேண்டாங்க" என்றாள். "நாள் முழுக்கக் கடையில நின்னுட்டு வர்றேன். எனக்கு ஒரு நாற்காலி வேணும். அது மடங்கக் கூடாது. இழுத்தா வேற எதுவும் ஆகக் கூடாது. அடியில சாமான் வைக்கக் கூடாது. நாற்காலின்னா நாற்காலியாவே இருக்கணும். நல்லா அகலமா, ரெண்டு பக்கமும் கை வச்சு."

"அது இடத்தை அடைக்குமே" என்று அவர் வாய் வரை வந்தது. கிழவர் அவர் காலை மிதித்தார். வார்த்தை திரும்பி உள்ளே போயிற்று.

அடுத்த விடுமுறையில் அவரும் மகளும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அவர் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு நாற்காலியையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். "பெரியப்பா, உட்கார்ந்து பாருங்க, அது போதும்" என்று அவள் இழுத்துக்கொண்டு போனாள். பிரம்பு பின்னிய ஒரு நாற்காலி கிடைத்தது. அகலம், உயரமான முதுகு, கை வைக்க வளைந்த இரண்டு பிடி. இருவரும் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார்கள்.

அதை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டதும், அறையின் எல்லாக் கணக்கும் கெட்டுப்போனது. பெஞ்சைப் பாதிதான் இழுக்க முடிந்தது. கட்டிலை இறக்க வேண்டுமானால் நாற்காலியைத் தூக்கிச் சமையல் இடத்தில் வைக்க வேண்டும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் கடையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பார்த்தாள். பையை மகள் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்து, காலை நீட்டி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டாள். பிரம்பு ஒருமுறை நெறுக்கென்றது.

"எப்படி இருக்கு?" என்று பெர்த்காரர் கேட்டார். "பின்பக்கம் கொஞ்சம் உயரமோ? வேணும்னா நான்..."

"கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்" என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவர் டார்ச்சை எடுத்துக்கொண்டார். மகள் சத்தம் வராமல் வாசல் கதவைச் சாத்தினாள். கிழவரின் நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாகப் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த தெரு பளபளவென்று கிடந்தது.

"எவ்வளவு நேரம் சுத்தணும் பெரியப்பா?"

"அவங்க எழுந்திருக்கற வரைக்கும்."

"அப்போ ரொம்ப நேரம் ஆகும்" என்றாள் அவள். மூன்று பேரும் தெரு அகலத்துக்குக் கையை வீசி நடந்தார்கள்.